கணக்கனும் கடவுச்சொல்லும்

திருநள்ளாற்றில் தர்ப்பாரண்யேசுவரர் சந்நிதிக்கு எதிரே நின்று பார்க்கிறவர்கள், பலிபீடம் நடுக்கோட்டை விட்டுச் சற்றே ஒதுங்கியிருப்பதைக் காணலாம். சனி பகவானைச் சேவிக்கும் அவசரத்தில் வருகிற பெருங்கூட்டத்தில் அதைக் கவனிப்பவர் சிலரே. கவனித்துக் காரணம் கேட்பவர்களுக்கு அவ்வூர் ஜனங்கள் தலபுராணத்திலிருந்து ஒரு கதை சொல்வார்கள். சுவாமியின் அபிஷேகத்துக்குத் தினந்தோறும் பால் அளக்கும்படி அரசனால் நியமிக்கப்பட்ட இடையன் ஒருவன் இருந்தான்; அவன் அளந்த பாலைக் கோயில் கணக்கன் தன் வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு, ஏட்டில் மட்டும் கோயிலுக்கு வந்ததாக எழுதிவந்தான்; சங்கதி அரசன் செவிக்கு எட்டி விசாரணை வந்தபோது, பழியை இடையன் தலையில் சுமத்தினான். இடையன் இறைவனிடம் முறையிட, சிவபெருமான் சூலத்தை ஏவினார். சூலத்துக்கு வழிவிட்டுப் பலிபீடம் விலகிக்கொண்டது. கணக்கன் தலை அறுந்தது. இடையனுக்கு அத்தலத்தில் தனிக் கோயிலும் உண்டு.

இக்கதையைப் பக்தியின் பெருமைக்கு உதாரணமாகவே காலங்காலமாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். அலுவலகங்களின் சரித்திரத்தை ஆராய்கிறவனுக்கோ அது வேறொரு முகத்தைக் காட்டுகிறது. சுவரேறிக் குதித்த வெளித்திருடன் எவனும் அதில் வரவில்லை. பாலை வாங்கிக்கொள்பவனும் கணக்கனே, வரவு எழுதுபவனும் கணக்கனே, எழுதியதைச் சரிபார்க்க வேண்டியவனும் அவனேயாக இருந்தான். அளந்தவனிடமோ, அளந்ததற்கு அத்தாட்சியாக ஓர் ஓலை நறுக்குக்கூட இல்லை. பதிவேடுகளைக் காக்கும் விதிகளும் பழக்கங்களும் எஜமானனின் சொத்தைக் காப்பதற்காகவே ஏற்பட்டவை என்று பொதுவாக எண்ணுகிறோம். என் அபிப்பிராயத்தில் அவற்றால் முதற்பயன் பெறுகிறவன் அலுவலகத்தின் கடைசிப் படியில் நிற்கும் எளியவன்தான். ஏனெனில், யார் எழுதினார் என்று காட்டும் குறிப்பு இல்லாத இடத்தில், பழி எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கே பாயும்.

புராண காலத்தை விட்டுச் சரித்திர காலத்துக்கு வந்தால், இந்த உண்மையைக் காவிரிப் படுகையின் பழைய ஆட்சியாளர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள் என்பதற்குச் சாசனங்களே சாட்சி. சோழ மன்னர் ஒரு கிராமத்தைத் தானம் செய்வதென்றால், அவர் வாய்மொழியாக இட்ட ஆணையை ஒருவர் கேட்டு எழுத, திருமந்திர ஓலை நாயகம் என்னும் தலைமை அதிகாரிகள் அது சரியென்று ஒப்ப, பிறகு வரிக் கணக்குக்குரிய அதிகாரிகள் கூடியிருந்து வரிப்பொத்தகத்தில் பதிய, ஒவ்வொரு படியிலும் இன்னார் இருந்தார், இன்னார் எழுதினார் என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகும். திருநள்ளாற்றுக்குத் தெற்கே அதிக தூரமில்லாத நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் கிராமத்தை அளித்த கதையை, அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில் செப்பேடுகளில் வெட்டினார்கள். பின்னாளில் ஹாலந்து தேசத்துக்குப் போய், லெய்டன் பட்டயங்கள் என்று பெயர் பெற்றவை அவைதாம். அவற்றைப் படிக்கும்போது, ஒரே ஒரு தானத்துக்கு இத்தனை கையெழுத்தா என்று ஆயாசம் உண்டாவது இயல்பே. ஆனால் அத்தனை பேரும் ஒருங்கே சேர்ந்து பொய் சொன்னாலன்றிப் பொய் எழுத முடியாது என்பதே அதன் தாத்பரியம். அந்த 21 ஏடுகளையும் ஒரு வளையத்தில் கோத்து, வளையத்தின் இரு முனைகளையும் சேர்த்து அரச முத்திரையைப் பதித்திருக்கிறார்கள். நடுவில் ஓர் ஏட்டை உருவவோ புதிதாக ஒன்றைச் செருகவோ வளையத்தை அறுக்காமல் இயலாது. அறுத்தால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். இன்றைக்கு மின்கையொப்பம் என்று நாம் வியந்து பேசுகிற ஏற்பாடு செய்வதும் இதே காரியத்தைத்தான்.

உத்தரமேரூரில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பராந்தக சோழன் காலத்துச் சபையார் வாரியத் தேர்தலுக்கென்று வெட்டிவைத்த விதிகளும் இதே ஜாதியைச் சேர்ந்தவை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர்களுக்கும், அவர்களுடைய நெருங்கிய உறவினருக்கும் குடவோலையில் பெயர் எழுத இடமில்லை. குடத்தை எல்லாரும் காணும்படி தூக்கிக் காட்டுவதும், உள்ளே இருப்பதை அறியாத ஒரு சிறு பையனைக் கொண்டு ஓலையை எடுப்பிப்பதும், அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்பதும், மனிதர்கள் மேல் கொண்ட அவநம்பிக்கை என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விரலை விரித்த மத்தியஸ்தனை மறுநாள் எவனும் சந்தேகித்துப் பேச முடியாது; அவனுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் வேறென்ன இருக்கிறது?

திருமழபாடிக் கோயிலை ராஜராஜன் இடித்துப் புதிதாகக் கட்ட நினைத்தபோது நடந்தது இன்னும் ரசமானது. பழைய சுவர்களில் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் முதலில் ஒரு புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளச் சொன்னான். பின்பே சுவர்களைப் பிரித்தார்கள். திருப்பணி முடிந்து, ராஜேந்திரன் காலத்தில், அந்தப் படியைப் பார்த்துப் புதுச் சுவரில் மறுபடியும் வெட்டினார்கள். பழைய கணினியை மாற்றிப் புதியது வைக்கிற அலுவலகங்களில், உள்ளே இருந்த கோப்புகளைப் படியெடுத்தாயிற்றா என்று எல்லாம் முடிந்த பிறகு கேட்டுத் திகைக்கிற நம் காலத்து உத்தியோகஸ்தர்களுக்கு அந்தப் பதினோராம் நூற்றாண்டுச் சிரத்தை சற்று வெட்கத்தை உண்டாக்க வேண்டியதே.

படி என்ற சொல் வந்ததால், திருநள்ளாற்றின் பெயரோடு ஒட்டிய இன்னொரு வரலாற்றையும் இங்கே சொல்லிவிடலாம். மதுரையில் சமணரோடு வாதுசெய்த திருஞானசம்பந்தர், தம் பதிகங்கள் எழுதிய சுவடியைப் பிரித்தபோது கைக்கு வந்தது திருநள்ளாற்றுப் பதிகம்; அந்த ஏட்டை நெருப்பில் இட, அது வேகாமல் பசுமை மாறாது இருந்தது என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. அதனாலேயே அதற்குப் பச்சைப் பதிகம் என்று பெயர் வழங்குகிறது. நெருப்புக்குத் தப்பிய அதே தேவாரம் கறையானுக்குத் தப்பவில்லை. மூவர் பாடல்களும் தில்லையில் ஓர் அறைக்குள் வைத்து அடைக்கப்பட்டு, பாடிய மூவரும் நேரில் வந்தாலன்றித் திறக்கலாகாது என்று காவலர் நிற்க, மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து நம்பியாண்டார் நம்பியும் மன்னனும் கதவைத் திறப்பித்தபோது, ஏடுகள் புற்றால் மூடிக்கிடந்தன. எண்ணெய் சொரிந்து எடுத்ததில் எஞ்சியது ஒரு பகுதியே என்று திருமுறைகண்ட புராணம் சொல்லும். பூட்டு உறுதியாக இருந்தது, காவலும் குறைவில்லை, ஆயினும் உள்ளே இருந்தது அழிந்துவிட்டது. இரகசியமாகப் பூட்டிவைப்பதையே பாதுகாப்பு என்று எண்ணி, வேறொரு பிரதி எடுத்து வேறோர் ஊரில் வைக்காமல் விட்டவர்களுக்கு அற்புதம் ஒன்றுதான் கதி. அற்புதமோ ஒவ்வொரு தடவையும் நிகழ்வதில்லை.

வேறோர் ஊரில் பிரதி வைக்கும் வழக்கம் இந்தப் பிரதேசத்துக்குக் கடல் கடந்து வந்தது. திருநள்ளாற்றை அடுத்த காரைக்கால் 1739-ல் பிரெஞ்சுக் கம்பெனியின் கைக்கு வந்து, சுற்றுக் கிராமங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, ஆங்கிலேயரோடு நடந்த யுத்தங்களில் பல தடவை கைமாறி, 1817-ல் பிரான்சிடம் நிலைபெற்றது. இதற்கு நடுவே, 1776-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், பதினாறாம் லூயி மன்னர் ஓர் ஆணை பிறப்பித்தார்: குடியேற்ற நாடுகளில் எழுதப்படும் ஞானஸ்நான, விவாக, மரணப் பதிவுகளும், நொத்தேர் என்னும் பத்திர அதிகாரி எழுதும் பத்திரங்களும், பிறவும் கூடுதலாக ஒரு பிரதி எழுதப்பட்டுக் கப்பலேறி வெர்சாய் நகரத்தில் அதற்கென்றே ஏற்படுத்திய ஆவணக் காப்பகத்துக்கு வந்துசேர வேண்டும். அதற்குரிய காரணத்தைக் காரைக்கால் பக்கத்தில் வாழ்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஈரமும் கறையானும் புயலும் ஒருபுறம். 1761-ல் பாண்டிச்சேரி நகரமே ஆங்கிலேயரால் தரைமட்டமாக்கப்பட்ட அனுபவம் மற்றொருபுறம். ஊர் போனாலும் ஊரின் கணக்குப் போகக்கூடாது என்பது அந்த ஆணையின் உட்கருத்து.

1819-ல் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் பிரெஞ்சிந்தியாவில் பிரகடனமாயின. ஹிந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அவரவர் ஆசாரம் அப்படியே விடப்பட்டது. அந்தச் சிவில் சட்டத்தில் பிறப்பு, விவாக, மரணப் பதிவேடுகளை எப்படி எழுதவேண்டும் என்று விதித்திருக்கிற பகுதியை நான் ஓர் இலக்கியம்போலவே ரசித்துப் படிப்பதுண்டு. பதிவேட்டின் முதல் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும் எண்ணிட்டு, ஒவ்வொரு தாளிலும் நீதிமன்றத் தலைவர் சுருக்கொப்பம் இடவேண்டும். ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் நடுவே வெற்றிடம் விடலாகாது. அடித்துத் திருத்தினால், திருத்தத்துக்கும் தனியாகக் கையெழுத்து வேண்டும். சொற்களைச் சுருக்கி எழுதக்கூடாது. தேதியை எண்ணால் எழுதவே கூடாது, எழுத்தாலேயே எழுதவேண்டும். (எண்ணாலேயே தேதிகளை அடுக்கிக்கொண்டு போகும் இக்கட்டுரையை அந்த நீதிபதி அங்கீகரித்திருக்க மாட்டார்.) வருஷ முடிவில் ஏட்டை முடித்துக் கையெழுத்திட்டு, இரண்டு பிரதிகளில் ஒன்றை நகரசபையிலும் மற்றொன்றை நீதிமன்றத்திலும் சேர்க்கவேண்டும். ஒரு குமாஸ்தாவின் கை எங்கெல்லாம் நழுவலாம், அல்லது எங்கெல்லாம் துணிந்து நழுவ விரும்பலாம் என்று ஒவ்வொன்றாக யோசித்து, ஒவ்வொரு துவாரத்தையும் அடைத்திருக்கிறார்கள். மேரி என்று ஜனங்கள் சொல்லும் நகரசபை அலுவலகத்தில் அமர்ந்து எழுதிய நம்மவர்க்கு இது பெருந்தொல்லையாக இருந்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு பக்கம் கிழிந்து காணாமற்போனால், கிழித்தவன் குமாஸ்தாவே என்று ஊர் பேசுவதற்கு அங்கே இடமில்லை. மற்றொரு பிரதி நீதிமன்றத்தில் இருந்து பேசும்.

இதன் பயன் தலைமுறைகள் கழித்துத் தெரிந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் காரைக்காலிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக ரீயூனியன், மார்த்தினீக், குவாதலூப் தீவுகளுக்குக் கப்பலேறிப் போனவர்களின் சந்ததியார், தமிழும் மறந்து பெயரும் திரிந்த நிலையில், தம் முன்னோர் ஊரை இன்றைக்குத் தேடுகிறார்கள். அவர்களுக்குத் துணையாக இருப்பவை, தென் பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரத்துக் காப்பகத்தில் இருக்கும் அந்தப் பழைய பதிவேட்டுப் பிரதிகள். அவற்றில் பெரும்பகுதி இப்போது இணையத்திலும் காணக் கிடைக்கிறது. இன்னொரு பயன் 1962-ல் கண்கூடாயிற்று. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவுக்கு மாறியிருந்தாலும், சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16-ல்தான் நிகழ்ந்தது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் விருப்பம் தெரிவித்தால் பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்கலாம் என்று ஒப்பந்தம் இடம் கொடுத்தது. இந்தோசீனாவில் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படைவீரனாக, சேவித்துத் திரும்பிய ஒருவனுக்கு, அவன் இன்னான், இன்ன ஊரில் இன்னார்க்குப் பிறந்தான் என்று காட்டும் ஒரு வரிப் பதிவே பிரஜா உரிமைக்கும் பென்ஷனுக்கும் ஆதாரமாயிற்று. எழுதும்போது யாருக்கும் பெரிதாகத் தோன்றாத ஒரு வரி, ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக்குச் சோறு போட்டது.

பிரெஞ்சு எல்லைக்கு அப்பால், பழைய தஞ்சை ஜில்லாக் கிராமங்களில், வழக்கம் வேறாக இருந்தது. அங்கே அடங்கலும் சிட்டாவும் கிராமக் கணக்கரான கர்ணத்தின் வீட்டுப் பெட்டியில் கிடக்கும். கர்ணம் நல்லவராக இருந்த ஊர்களில் அதனால் கெடுதி இல்லை. ஆயினும் நிலத்துக்குடையவன் தன் நிலத்தின் கணக்கைப் பார்க்க இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் காத்திருக்க வேண்டியிருந்தது. பரம்பரைக் கர்ணம் பதவியை 1980-ல் தமிழ்நாடு அரசு ஒழித்தது. அதைப் பற்றி விரித்துப் பேச இங்கே இடமில்லை.

கணினி இந்த வரிசையில் கடைசியாக வந்தது. காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த அதே 1962-ல், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பலர் பகிர்ந்து உபயோகித்த ஒரு பெருங்கணினியில் ஒரு சம்பவம் நடந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் என்னும் ஏற்பாட்டை ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ என்பவரின் குழு அதில் அமைத்திருந்தது. வாரத்துக்கு நான்கு மணி நேரமே தமக்கு ஒதுக்கியிருந்தது போதாத ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சடித்துத் தரும்படி ஒரு விண்ணப்பத்தைப் போட்டார். இயந்திரமும் கேள்வி கேட்காமல் அச்சடித்துக் கொடுத்தது. பிறர் பெயரால் உள்ளே போய் வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டார். கால் நூற்றாண்டு கழித்தே அதை ஒப்புக்கொண்டார். கடவுச்சொல் பிறந்த கொஞ்ச காலத்திலேயே அதைத் திருடியவர் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே வேலை பார்த்தவர் என்பது, பால் அளந்த கதையைக் கேட்டு வளர்ந்த திருநள்ளாற்றுக்காரருக்கு ஆச்சரியம் தராது.

நம் ஊர் அலுவலகங்களில் கடவுச்சொல்லைத் திருட வேண்டிய அவசியமே பெரும்பாலும் ஏற்படுவதில்லை. அது கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் காகிதத்திலோ, மேஜைக் கண்ணாடிக்கு அடியிலோ பகிரங்கமாக வீற்றிருக்கும். "சாரோட பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்" என்று பெருமையாகச் சொல்லும் ஆபரேட்டர், அந்தப் பெருமை ஒருநாள் தன் கழுத்துக்குச் சுருக்காகும் என்பதை உணர்வதில்லை. அதிகாரி வெளியூரில் இருந்துகொண்டு, "ஓ.டி.பி. வந்திருக்கு, சொல்றேன், போட்டுடுப்பா" என்கிறார், இவரும் போட்டுவிடுகிறார். ஆறு மாதம் சென்று தணிக்கை வருகிறபோது, கோப்பில் அனுமதி கொடுத்தது அதிகாரியின் பெயர், விசைப்பலகையில் இருந்தது ஆபரேட்டரின் விரல். உண்மை இரண்டுக்கும் நடுவே எங்கோ தொலைந்துபோயிருக்கும். அப்போது யார் சொல் எடுபடும் என்பதை ஊகிக்கச் சிரமமில்லை.

திருநள்ளாற்றுக் கோயிலும் இக்காலத்தின் வழக்கத்துக்கு விலக்கல்ல. 2020 டிசம்பரில், தொற்றுநோய்க் காலத்துச் சனிப்பெயர்ச்சிக்கு, இணையத்தில் முன்பதிவு செய்தவர்களே தரிசனத்துக்கு வரலாம் என்று ஏற்பாடாயிற்று. பக்தரின் பெயரும் விலாசமும் தொலைபேசி எண்ணும் அன்றுமுதல் கோயில் காரியத்தின் ஓர் அங்கமாயின. 2025-ல், கோயிலின் பெயரால் போலி இணையதளம் ஒன்று நடத்திப் பூஜைக்கென்று பக்தர்களிடம் பணம் பெற்றதாகக் காரைக்கால் போலீசார் வழக்குத் தொடுத்ததையும், கைதானவர்களில் கோயிலோடு தொடர்புடையவர் ஒருவரும் இருந்ததையும் பத்திரிகைகள் எழுதின. குற்றத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. கேட்டவர்களுக்கெல்லாம், இது நம் கோயிலின் மெய்யான விலாசம், இதைத் தவிர வேறெதிலும் பணம் கட்டாதீர்கள் என்று உரக்கவும் அடிக்கடியும் சொல்லவேண்டிய கடமை ஒவ்வொரு கோயில் அலுவலகத்துக்கும் உண்டு என்பதை மட்டும் நான் சொல்வேன்.

வெளியிலிருந்து வரும் கேடும் இல்லாமலில்லை. 2017 மே 12-ல் உலகத்தின் பல தேசங்களில் கணினிகளைப் பூட்டிவைத்துப் பணயம் கேட்ட வானாக்ரை என்னும் தீநிரல், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் கணினிகள் சிலவற்றையும் பிடித்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் கம்பெனி அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சு 14-லேயே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாத கணினிகளே அகப்பட்டன. நளச் சக்கரவர்த்தியின் மேல் ஏறச் சமயம் பார்த்துப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்த கலி, அவன் ஒருநாள் காலைச் சரியாகக் கழுவாமல் சந்தியாவந்தனத்துக்குப் போனபோது உட்புகுந்தான் என்று இதிகாசம் சொல்கிறது; அவன் பெயரால் திருநள்ளாற்றில் விளங்கும் நள தீர்த்தத்தில் மூழ்கி எழுகிற லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேர் தங்கள் அலுவலகக் கணினி கேட்கிற திருத்தத்தை "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிவிட்டு வந்திருக்கிறார்களோ! 2022 நவம்பர் 23-ல் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கணினிகள் இவ்வாறே முடங்கியபோது, சில நாள் எல்லாம் காகிதத்தில் நடந்தது. கடைசியில் ஆஸ்பத்திரியின் தகவல்களை மீட்டது, தாக்குதலுக்கு அகப்படாமல் தனியே இருந்த ஒரு பிரதி என்று அரசாங்கம் பார்லிமெண்டில் தெரிவித்தது.

அதே ஆண்டு ஏப்ரல் 28-ல் மத்திய சர்க்காரின் கணினி அவசரநிலைக் குழு ஓர் உத்தரவு போட்டிருந்தது: இத்தகைய தாக்குதலை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும், யார் எப்போது உள்ளே வந்தார், என்ன செய்தார் என்னும் குறிப்பேட்டை 180 நாள் காத்துவைக்கவேண்டும். பலர் முதல் விதியைப் பற்றியே பேசினார்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. அந்தக் குறிப்பேடு ஒன்றே, அளந்தவன் கையில் இருக்கவேண்டிய ஓலை நறுக்கு. ஆனால் ஒரே பெயரையும் கடவுச்சொல்லையும் ஆறு பேர் பகிர்ந்துகொள்கிற அலுவலகத்தில், அந்தக் குறிப்பேடு ஆறு பேரையும் ஒருவராகவே காட்டும்.

புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று நான்கு துண்டுகளாகக் கிடக்கும் நம் யூனியன் பிரதேசத்தில் உத்தியோகஸ்தர்கள் மாற்றலாகிப் போவதும் வருவதும் சகஜம். போனவரின் பெயர் கணினியில் மட்டும் உயிரோடு இருந்து வேலை செய்துகொண்டிருப்பதும் அந்த அளவுக்குச் சகஜமாகிவிட்டது. ஆகவே கோயில் அலுவலகமானாலும், கொம்யூன் பஞ்சாயத்தானாலும், ஆஸ்பத்திரியானாலும், தலைமை வகிப்பவர்களை இரண்டு காரியங்கள் வேண்டிக்கொள்கிறேன்: தற்காலிகப் பணியாளர் உட்பட ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரிலேயே தனிக் கணக்குக் கொடுங்கள், ஒருவர் மாற்றலாகும் நாளன்று, சாவிக்கொத்தைத் திருப்பி வாங்கும் அதே மேஜையில், அவருடைய கணக்கையும் மூடிவிடுங்கள். இரண்டுக்கும் பணச்செலவு கிடையாது.